நேர்முகத் தேர்வில் நா எழாமல் போவது ஏன்?



ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். இளைஞர் ஒருவர் கையில் கோப்புடன் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கிறார். கோப்பில் எஸ்.பி.எம். சான்றிதழ், டிப்ளோமா, தொழிற்பயிற்சிக் கடிதம், பள்ளி நற்சான்றிதழ் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. சட்டை தேய்த்துப் போட்டிருக்கிறார். காலையில் அம்மா சாமி படத்தின் முன் நிற்க வைத்துத் திருநீறு பூசி, "பயப்படாம பேசு தம்பி" என்று அனுப்பியிருக்கிறார். பெயர் அழைக்கப்படுகிறது. உள்ளே போய் உட்கார்ந்ததும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்."

பெயர், வயது, ஊர், அப்பாவின் வேலை, உடன் பிறந்தவர் எத்தனை பேர். இருபது விநாடியில் பதில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு மௌனம். அதிகாரி காகிதத்தைப் புரட்டுகிறார். இளைஞர் மேசையைப் பார்க்கிறார்.

அந்த இளைஞர் சொன்னவை எல்லாம் விண்ணப்பப் பாரத்தில் ஏற்கெனவே இருப்பவை. அதிகாரி கேட்டது வேறு. "இந்த வேலைக்கு நீங்கள் எந்த வகையில் பொருத்தம்?" என்பதைத்தான் அவர் சுற்றி வளைத்துக் கேட்டார். கேள்வி புரியாததால் பதில் தவறிப் போனது. திறமை இல்லாததால் அல்ல.

மரியாதையும் மௌனமும்

நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கும் முறையை இங்கே கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, எதிர்த்துப் பேசாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், உன்னை நீயே புகழ்ந்து கொள்ளாதே. இவையெல்லாம் நல்ல பாடங்களே. தாத்தாவின் முன் தலை குனிந்து நிற்கும் பேரனைப் பார்த்து, 'அடக்கமான பிள்ளை' என்று ஊர் பாராட்டும்.

அதே பிள்ளை இருபத்திரண்டு வயதில் ஒரு நிர்வாகியின் முன் அதே போல் தலை குனிந்து உட்கார்ந்தால், அந்த நிர்வாகி அதை அடக்கம் என்று எடுத்துக் கொள்வதில்லை. அவர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம், ஜப்பானியராகவோ தமிழராகவோகூட இருக்கலாம். 'இவருக்கு வேலையில் ஆர்வம் இல்லை' என்றோ 'எதையோ மறைக்கிறார்' என்றோதான் அவருக்குத் தோன்றும். ஒரே உடல்மொழிக்கு இரண்டு இடங்களில் இரண்டு பொருள். பிள்ளைகளிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் வருத்தத்திற்குரியது.

தான் செய்த வேலையை எடுத்துச் சொல்வது தற்பெருமை ஆகாது. "நான் மிகவும் திறமைசாலி" என்று சொன்னால் அது பெருமை. "தொழிற்பயிற்சியின் போது பழுதான மூன்று மோட்டார்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் சோதித்துச் சரி செய்தேன்" என்று சொன்னால் அது தகவல். அதிகாரிக்குத் தேவைப்படுவது தகவல்தான். இந்த வேறுபாட்டைப் புரிந்து கொண்டவருக்குப் பாதி பயம் போய்விடும்.

முதல் கேள்விக்கு ஒரு பதில்

ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த ஓர் இளைஞர் என்று வைத்துக் கொள்வோம். தமிழ்ப்பள்ளியில் ஆரம்பக் கல்வி. ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா. அப்பா லோரி ஓட்டுநர். அம்மா தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை செய்கிறார். பள்ளி விடுமுறைகளில் மாமாவுடன் இரவுச் சந்தையில், நம் பேச்சு வழக்கில் சொன்னால் பசார் மாலாமில், பலகாரக் கடையில் நின்றிருக்கிறார். இப்போது பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தொழில்நுட்பர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு இன்றும் அதுதான் முதல் குறி.

இவர் தம்மைப் பற்றி எப்படிச் சொல்லலாம்?

"மின்னியல் துறையில் டிப்ளோமா முடித்திருக்கிறேன். கடைசித் தவணையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் தொழிற்பயிற்சி பெற்றேன். அங்கே மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் சோதிப்பதும், வாராந்திரப் பராமரிப்புப் பட்டியலைப் பூர்த்தி செய்வதும் என் பொறுப்பு. படிக்கும் காலத்தில் விடுமுறை நாள்களில் மாமாவின் இரவுச் சந்தைக் கடையில் வேலை செய்தேன். பல மணி நேரம் நின்று வேலை செய்தும், வாடிக்கையாளரிடம் மூன்று மொழிகளில் பேசியும் பழக்கம் உண்டு. இயந்திரம் ஏன் நின்றது என்று தேடிக் கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த வேலை. அதனால்தான் இந்தப் பதவிக்கு விண்ணப்பித்தேன்."

நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடம் ஆகும். முதலில் இப்போதைய நிலை, அடுத்து அதற்கு முன் செய்தது, கடைசியில் இங்கே வந்த காரணம். மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த வரிசையை மட்டும்தான். வாக்கியங்களை மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் மறந்ததும் எல்லாமே மறந்துவிடும். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து பழகிய நமக்கு இது தெரியாததல்ல.

இரவுச் சந்தைக் கடையைப் பற்றிச் சொல்லத்தான் பல இளைஞர்கள் கூச்சப்படுகிறார்கள். டிப்ளோமா படித்தவன் பலகாரம் விற்றதைச் சொல்வதா என்று நினைக்கிறார்கள். அதிகாரியின் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியும். மழையில் கூடாரம் பிடித்தவர், கணக்கில் காசு குறையாமல் ஒப்படைத்தவர், முகம் சுளிக்காமல் வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னவர். அந்த அனுபவத்தை எந்தச் சான்றிதழும் காட்டாது. மறைக்க நினைத்த விஷயம்தான் பல நேரங்களில் கையில் இருக்கும் சிறந்த பதில்.

எந்த மொழியில் பேசுவது?

அரசாங்க வேலை என்றால் தேசிய மொழிதான். தனியார் நிறுவனங்களில் ஆங்கிலமோ மலாயோ இரண்டும் கலந்தோ நடக்கும். நம் பிள்ளைகள் மலாய் பேசுவார்கள். கடைத்தெரு மலாய் சரளமாகவே வரும். அலுவலகத்திலோ அந்த மலாய் எடுபடாது. "செலாமாட் பாகி, துவான்" என்று தொடங்குவதும், பெண் அதிகாரியைப் "புவான்" என்று அழைப்பதும், 'அக்கு' என்பதை விட்டுவிட்டு 'சாயா' என்று சொல்வதும் சின்ன விஷயங்கள்தாம். ஆனால் உள்ளே நுழைந்த முதல் நிமிடத்தில் இவைதான் காதில் விழும்.

ஆங்கிலத்தில் கேள்வி வந்து, புரியாமல் போனால் என்ன செய்வது? புரிந்தது போல் தலையாட்டுவதுதான் மிக மோசமான வழி. "போலே துவான் உலாங் சொவாலான்?" என்று திரும்பக் கேட்கலாம். ஆங்கிலத்திலும் அப்படியே கேட்கலாம். திரும்பக் கேட்பவரை யாரும் மட்டமாக நினைப்பதில்லை. தொழிற்சாலையில் உத்தரவு புரியாமல் சுவிட்சைத் தட்டுபவரைவிட, திரும்பக் கேட்டுத் தெரிந்து கொள்பவர்தான் அவர்களுக்கு வேண்டும். ஆங்கில இலக்கணம் தவறினாலும் பரவாயில்லை, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால் போதும். நீளமான வாக்கியம் தொடங்கி நடுவில் சிக்கிக் கொள்வதுதான் பதற்றத்தைக் கூட்டும்.

"ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள்?"

இந்தக் கேள்வி இப்போது எங்கும் கேட்கப்படுகிறது. 'நீங்கள் கடினமாக உழைப்பீர்களா?' என்று கேட்டால் எல்லாரும் 'ஆம்' என்றுதான் சொல்வார்கள். அதனால் நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்கிறார்கள். புதிதாகப் படித்து முடித்தவர் இங்கேதான் திணறுகிறார். 'இனிமேல்தானே வேலைக்குப் போகப் போகிறேன், சிக்கலுக்கு எங்கே போவது?' என்று அவருக்குத் தோன்றுகிறது.

நம் இளைஞர் தைப்பூசத்தின் போது பினாங்கில் நண்பர்களோடு சேர்ந்து தண்ணீர்ப்பந்தல் போட்டவர் என்று வைத்துக் கொள்வோம். பந்தலுக்கு மின்சார இணைப்பு கொடுத்தது அவர்தான். இரவு கூட்டம் நிரம்பி வழியும் நேரத்தில் பிரேக்கர் விழுந்து பந்தல் இருட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் திரும்ப விழுகிறது. என்ன காரணம்? விளக்குகள், ஒலிபெருக்கி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கலன் மூன்றும் ஒரே இணைப்பில் இருந்தன. கலனுக்குத்தான் அதிக மின்சாரம் தேவை. அவர் எல்லாவற்றையும் அணைத்து, கலனைத் தனி இணைப்புக்கு மாற்றி, பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். வயர் சூடாகிறதா என்று அரை மணிக்கு ஒரு முறை சோதித்தார். அதன் பிறகு விடியும்வரை விளக்கு அணையவில்லை.

தொழில்நுட்பர் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பதில் எது? பழுதை ஊகத்தில் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்திருக்கிறார். பாதுகாப்பை நினைத்திருக்கிறார். கூட்டத்தின் நடுவில் பதறாமல் இருந்திருக்கிறார். ஆனால் அவர் இதை 'கோயில் விஷயம்தானே' என்று ஒதுக்கிவிடுவார். எதிரே இருப்பவருக்குத் தைப்பூசம் பற்றித் தெரியாவிட்டால் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டு வேலைக்கு வந்துவிடலாம்.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். பள்ளிச் சாரணர் இயக்கம், காற்பந்துக் குழு, திருமண வீட்டில் பந்தி பரிமாறியது, தம்பி தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது என்று எதுவாகவும் இருக்கலாம். என்ன நிலைமை, தன் பொறுப்பு என்ன, தான் என்ன செய்தார், கடைசியில் என்ன ஆனது. இந்த நான்கும் பதிலில் இருக்க வேண்டும். 'நாங்கள் செய்தோம்' என்று மட்டும் சொன்னால் அவர் செய்தது எது என்று அதிகாரிக்குத் தெரியாது. நம் பிள்ளைகள் அடக்கம் கருதி 'நாங்கள்' என்றே பேசுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டுமாவது 'நான்' என்று சொல்லிப் பழக வேண்டும்.

குறையும் விலகலும்

"உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டால், 'எனக்குப் பலவீனமே இல்லை' என்பவரும் உண்டு. 'நான் அளவுக்கு மீறி உழைப்பேன், அதுதான் என் பலவீனம்' என்று எங்கோ படித்ததை ஒப்புவிப்பவரும் உண்டு. இரண்டாவது பதிலைக் கேட்டுக் கேட்டு அதிகாரிகளுக்குச் சலித்துப் போயிருக்கும். உண்மையான ஒரு குறையைச் சொல்லி, அதற்கு என்ன செய்து வருகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். "ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது எனக்குச் சிரமம். பயிற்சியின் போது மூத்த தொழில்நுட்பரின் அறிக்கைகளைப் படித்து அதே போல் எழுதிப் பார்த்தேன். இப்போது ஒரு பக்க அறிக்கையை நானே எழுத முடிகிறது." இது நம்பும்படியாக இருக்கும். அந்த வேலைக்கே உயிரான ஒன்றைக் குறையாகச் சொல்வதுதான் கூடாது. காசாளர் வேலைக்குப் போய், 'கணக்கில் அடிக்கடி தவறு செய்வேன்' என்று சொன்னால் யார்தான் எடுப்பார்?

முந்தைய வேலையை விட்ட காரணத்தைக் கேட்கும் போது பழைய முதலாளியைத் திட்டத் தோன்றும். உண்மையிலேயே அங்கே கொடுமை நடந்திருக்கலாம். ஆனாலும் அறைக்குள் இருப்பவருக்குப் பழைய முதலாளியைத் தெரியாது, எதிரே கோபமாகப் பேசுபவரை மட்டும்தான் தெரியும். "அங்கே கற்றுக் கொள்ள வேண்டியதைக் கற்றேன், அடுத்த நிலைக்கு வாய்ப்பு இல்லை" என்ற அளவில் நிறுத்திக் கொள்வது நல்லது.

ஆள்குறைப்பில் வேலை போனவர்கள் அதை மறைக்க வேண்டியதே இல்லை. அது அவர்கள் செய்த குற்றமல்ல. அப்படிப்பட்டவர்களுக்காகவே சொக்சோவின் கீழ் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகையும் வேலை தேடித் தரும் உதவியும் அதில் உண்டு. வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்தார் என்பதைத்தான் எதிரே இருப்பவர் அறிய விரும்புவார். ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குப் போயிருந்தாலும் சரி, உடல்நலமில்லாத தாயைக் கவனித்திருந்தாலும் சரி, நேராகச் சொல்லலாம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் தங்களுக்கு இனி யார் வேலை கொடுப்பார் என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலையிலிருந்து அறுபது. அதாவது இன்னும் பதினைந்து ஆண்டுகள் உழைக்க முடியும். இதை அவர்களே எடுத்துச் சொல்லலாம்.

சம்பளக் கேள்வி

"எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?"

"எவ்வளவு கொடுத்தாலும் சரி சார்."

நம்மவர்கள் இந்தப் பதிலைப் பணிவு என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் ஆண்டுக் கணக்கில் இழப்பு வரும். முதல் சம்பளத்தின் மேல்தான் ஆண்டு ஊதிய உயர்வு கணக்கிடப்படும். அடுத்த நிறுவனத்துக்குப் போனாலும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்பது இங்கே பரவலான வழக்கம். தொடக்கத்தில் குறைத்துக் கொண்டது நிழல் போல் பின்னாலேயே வரும்.

சட்டப்படியான அடித்தளம் எது என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் 900 வெள்ளி. அது 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவான ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு மட்டும் அதே ஆண்டு ஆகஸ்டு வரை அவகாசம் தரப்பட்டது. 1,700 வெள்ளி சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு ஊழியரின் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடிக்கப்படும். சொக்சோவுக்கும் கொஞ்சம் போகும். கையில் ஏறக்குறைய 1,500 வெள்ளி வரும். சுங்கைப்பட்டாணியிலிருந்து போய் பாயான் லெப்பாசில் அறை வாடகைக்கு எடுத்துச் சாப்பிட்டு மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றினால் என்ன மிஞ்சும் என்பதை வீட்டில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அறைக்குள் போன பிறகு கணக்குப் போட முடியாது.

டிப்ளோமா படித்தவர் அடித்தளத்தில் நின்றுவிட வேண்டிய அவசியம் இல்லை. சொக்சோ நடத்தும் மை ஃபியூச்சர் ஜோப்ஸ் போன்ற இணையத் தளங்களில் அதே பதவிக்கு மற்ற நிறுவனங்கள் என்ன கொடுக்கின்றன என்று பார்க்கலாம். பிறகு ஒரு தொகையாகச் சொல்லாமல், இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று ஒரு வரம்பாகச் சொல்லலாம். "ஷிப்டுப் படி, மிகைநேரம் எல்லாம் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்று தெரிந்தால் அதற்கேற்ப யோசிக்க முடியும்" என்று சேர்த்துக் கொள்ளலாம். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தங்கள் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பின் வார வேலை நேரம் 45 மணிக்கு மேல் போகக் கூடாது. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்குச் சாதாரண நாளில் மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, பொது விடுமுறை நாள் மிகைநேரத்துக்கு மூன்று மடங்கு. இந்த எண்கள் மனத்தில் இருந்தால் குரல் தானாகவே நிமிரும்.

பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது மட்டும் வேண்டாம். சம்பளச் சீட்டு காட்டிக் கொடுத்துவிடும்.

கல்யாணம் எப்போது?

பெண்கள் எதிர்கொள்ளும் கேள்வி இது. கல்யாணம் எப்போது, குழந்தை உண்டா, அடுத்த குழந்தை எப்போது? கேட்பவருக்கு அது வேலை சம்பந்தப்பட்ட கேள்வியாகத் தோன்றலாம். இதே கேள்வியை ஓர் ஆணிடம் கேட்பாரா என்று யோசித்தால் அதன் நியாயம் புரிந்துவிடும். கோபப்படாமல் பேச்சை வேலைக்குத் திருப்புவதே பல நேரங்களில் பயன்படுகிறது. "என் குடும்பப் பொறுப்பு என் வேலையைப் பாதிக்காதபடி பார்த்துக் கொள்வேன். வேலை நேரமும் ஷிப்டும் எப்படி என்று சொன்னால் உறுதியாகப் பதில் சொல்வேன்." கேட்டவர் இதற்கு மேல் போனால், அங்கே வேலை செய்யத்தான் வேண்டுமா என்று அந்தப் பெண் யோசித்துக் கொள்ளலாம்.

நம் நாட்டில் இந்த விஷயம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2009இல் தற்காலிக ஆசிரியராக வேலைக்கு எடுக்கப்பட்ட ஒரு பெண், தாம் கருவுற்றிருப்பதாகச் சொன்னதும் அந்த நியமனம் திரும்பப் பெறப்பட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார். அது பாலின அடிப்படையிலான பாகுபாடு, அரசியலமைப்பின் 8ஆவது விதிக்கு முரணானது என்று ஷா ஆலம் உயர்நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. ஒரு சாதாரண குடும்பப் பெண் துணிந்து கேட்ட கேள்வி அது.

அரசாங்க வேலைக்குப் போகிறவர்கள்

பொதுச் சேவை ஆணையம் 1957இலிருந்து இருக்கிறது. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட அதிகாரிகள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். கேட்டவரை மட்டும் பார்த்துப் பேசாமல் மற்றவர்களையும் பார்த்துப் பேச வேண்டும். ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள், அந்தத் துறையின் அமைச்சர் யார், அந்தப் பதவியின் கடமைகள் எவை என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் தேசிய மொழியில் கிரெடிட் இல்லாததால் தட்டிப்போன வாய்ப்புகள் நம்மிடையே உண்டு. அது நேர்முகத் தேர்வுக்கு முன்பே, ஐந்தாம் படிவத்திலேயே கவனிக்க வேண்டியது.

கேள்வியே கேட்காத நேர்முகத் தேர்வு

கேள்விகளைக் கண்டு பயப்படும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேள்வியே கேட்காத இடத்தைக் கண்டுதான் உண்மையில் பயப்பட வேண்டும். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு செய்தி வரும். படிப்பு தேவையில்லை, அனுபவம் தேவையில்லை, வெளிநாட்டில் வேலை, பல ஆயிரம் வெள்ளி சம்பளம், நாளைக்கே விமானம். இப்படி நம்பிப் போய் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களின் பிடியில் சிக்கிய மலேசியர்களை மீட்டு வந்த செய்திகள் 2022இலிருந்து நாளிதழ்களில் வந்து கொண்டிருந்தன. அவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வேலைக்கு முன்பணம் கேட்பவரிடமும், கடப்பிதழை முதலில் கொடு என்பவரிடமும் திரும்பக் கேள்வி கேட்க வேண்டியது இளைஞர்தான்.

"உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?"

"அடா அப்பா-அப்பா சொவாலான்?" என்று அதிகாரி கடைசியில் கேட்பார். 'தியாடா' என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடிவரத்தான் தோன்றும். இருந்தாலும் இரண்டு கேள்விகளாவது கையில் இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் என்ன எதிர்பார்ப்பீர்கள்? இந்தப் பிரிவில் எத்தனை பேர், யாரிடம் பயிற்சி கிடைக்கும்? பதில் எப்போது தெரியவரும்? இவற்றைக் கேட்கும் போது இளைஞரும் அந்த நிறுவனத்தை எடை போடுகிறார்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று இருக்கிறது. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு கைப்பேசி வழியாக நடக்கும் நேர்முகத் தேர்வுகள் பெருகிவிட்டன. அதே கைப்பேசியில் பதிலைப் பதிவு செய்து கேட்டுப் பார்க்கலாம். முதல் தடவை தன் குரலைத் தானே கேட்கப் பிடிக்காது. மூன்றாவது தடவை எங்கே விழுங்குகிறோம் என்று தெரியும். அப்பாவோ அக்காவோ அதிகாரி போல் எதிரே உட்கார்ந்து கேட்கலாம். இரவுச் சாப்பாட்டு நேரத்தில், "இன்னிக்கு என்ன செஞ்ச?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்கும் பெற்றோர் செலவில்லாமல் இந்தப் பயிற்சியைக் கொடுத்து விடுகிறார்கள்.

பினாங்குக்குப் போகிறவர்கள் பாலத்து நெரிசலையும் கணக்கில் எடுத்துக் கொள்ள வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அழைப்பு என்றால் முதல் நாளே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வருவது அல்லது உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. வியர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தவருக்கு எந்தப் பயிற்சியும் உடனே கைகொடுக்காது.

முடிந்து வெளியே வந்ததும் பஸ்ஸிலேயே உட்கார்ந்து, கேட்ட கேள்விகளையும் எந்த இடத்தில் தடுமாறினார் என்பதையும் எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு முறை தொலைபேசியில் விசாரிக்கலாம். வேலை கிடைக்கவில்லை என்றால் அந்தக் காகிதம் வீணாகாது. அடுத்த அழைப்பிலும் பெரும்பாலும் அதே கேள்விகள்தாம் வரும்.